செய்தியைப் படத்துக்குள்ள பூட்டி வைக்காதீங்க தோழர்களே!



இந்தப் பதிவில் போஸ்டர் இல்லை, கார்டு இல்லை, வீடியோ இல்லை. வெறும் எழுத்துதான். வேணும்னேதான் இப்படிப் போடுறோம். நம்ம செய்தி யாருக்கெல்லாம் போய்ச் சேருது, யாருக்குச் சேராமலே பாதியில நின்னு போகுதுங்கிறதைப் பற்றிய பதிவு இது. கொஞ்சம் நீளம்தான். பொறுமையா முழுசா படிங்க.

முதல்ல ஒரு சின்னச் சோதனை. உங்க ஆண்ட்ராய்டு போன்ல செட்டிங்ஸ் உள்ள போனா, அணுகல்தன்மை என்ற பகுதியில் 'டாக்பேக்' என்று ஒன்று இருக்கும். ஐபோன்ல அதுக்குப் பேரு 'வாய்ஸ்ஓவர்'. அதை ஆன் பண்ணுங்க. ஆன் பண்ணினதும் போன் நடந்துக்கிற விதமே மாறும், பயப்படாதீங்க. ஒரு தடவை தொட்டா வாசிக்கும், ரெண்டு தடவை தட்டினாத்தான் திறக்கும். அணைக்கிறதுக்கும் அதே மாதிரிதான். இப்போ கண்ணை மூடிக்கிட்டு நம்ம தோழர்கள் போட்ட பத்து பதிவை விரலால தள்ளித் தள்ளிக் கேளுங்க.

எழுத்தாகப் போட்ட பதிவு வந்தால் போன் அதைத் தமிழில் கடகடன்னு வாசிக்கும். கார்டாகப் போட்ட பதிவு வந்தால் "படம்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லும். அவ்வளவுதான். அந்தப் படத்துக்குள்ள பொதுக்கூட்டத் தேதி இருக்கலாம், வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்கக் கடைசி நாள் இருக்கலாம், உதவித்தொகைக்கு என்னென்ன சான்றிதழ் வேணும்ங்கிற விவரம் இருக்கலாம். பார்வையில்லாத ஒருத்தருக்கு அதுல ஒரு எழுத்துகூடப் போய்ச் சேராது.

டிசம்பர் 3-ஐ நினைச்சுப் பாருங்க. ஐக்கிய நாடுகள் சபை 1992-ல் அறிவித்த உலக மாற்றுத்திறனாளிகள் தினம். அன்னைக்குக் காலையில் கட்சி வித்தியாசம் இல்லாம எல்லாப் பக்கத்திலும் வாழ்த்து கார்டு வரிசை கட்டி நிற்கும். ஒரு சக்கர நாற்காலி படம், நாலு வரி கவிதை, மேல தலைவர் படம், கீழ மாவட்டம், ஒன்றியம், கிளைன்னு பேர் வரிசை. பார்வையில்லாத தோழர் போன்ல அந்த வாழ்த்து எப்படிக் கேட்கும்? "படம்." அடுத்த பதிவு. "படம்." அதுக்கடுத்தது. "படம்." யாருக்கு வாழ்த்து சொல்றோமோ அவருக்கே கேட்காத வாழ்த்து அது.

அவங்க எப்படிப் படிக்கிறாங்க?

"பார்வையில்லாதவங்க ஃபேஸ்புக் எல்லாம் பார்ப்பாங்களா ப்ரோ?" இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளே கிடையாது. இன்ஜினியரிங் படிச்சவன்ங்கிற முறையில கொஞ்சம் டெக்னிக்கலா பதில் சொல்றேன்.

திரையில் இருக்கும் எழுத்தை எடுத்துக் குரலாக மாற்றிச் சொல்லும் மென்பொருளுக்கு ஸ்கிரீன் ரீடர் என்று பேர். ஆண்ட்ராய்டு போனிலும் ஐபோனிலும் அதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டருக்கு என்.வி.டி.ஏ. என்ற மென்பொருள் இருக்கிறது. 2006-ல் ஆஸ்திரேலியாவில் பார்வையில்லாத இரண்டு இளைஞர்கள் தொடங்கியது. முழுக்க இலவசம். தமிழும் வாசிக்கும். கருவி கையில இருக்கு, தமிழ்க் குரல் இருக்கு, ஆளும் தயாரா இருக்காங்க. இல்லாதது ஒண்ணுதான். வாசிக்கிறதுக்கு நாம எழுத்தைக் கொடுக்கணும்.

ஆளுங்க எங்கயோ தூரத்துல இல்ல. மதுரை சுந்தரராஜன்பட்டியில் இந்திய பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. 1985-ல் அதைத் தொடங்கிய எஸ்.எம்.ஏ. ஜின்னா, தானே பார்வையிழந்தவர். அங்க படிச்சு வெளியே வந்த பிள்ளைங்க இன்னைக்கு ஆசிரியரா, வங்கி ஊழியரா நம்ம கூடவே பஸ்ல வர்றாங்க. மதுரையைச் சேர்ந்த பூரண சுந்தரி, 2019-ஆம் ஆண்டுக்கான சிவில் சர்வீசஸ் தேர்வில் அகில இந்திய அளவில் 286-வது இடம் பிடித்தார். பெற்றோர் வாசித்துக் காட்டியதையும், ஒலி வடிவில் கிடைத்த பாடங்களையும் கேட்டே படித்தவர். யு.பி.எஸ்.சி. பாடத்தையே காதால படிச்சு முடிக்கிறவங்களுக்கு நம்ம பொதுக்கூட்ட நோட்டீஸ் பெரிய விஷயமா? நாம கொடுக்கலை, அவ்வளவுதான்.

வாடிவாசல் மைக்கைக் கேட்டவங்களுக்கு இது புதுசு இல்ல

அலங்காநல்லூர்க்காரங்களுக்கு ஒரு உதாரணம் சொன்னா இது சட்டுனு புரியும்.

தை மாசம் அவனியாபுரம், பாலமேடு முடிஞ்சு நம்ம ஊர் முறை வரும்போது கேலரியில ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்திருப்பாங்க. ஆனா ஜல்லிக்கட்டை முழுசா உள்ள வாங்குறதுக்குக் கண் மட்டும் போதாது. மைக் வேணும். "அடுத்து வர்றது இன்ன ஊர், இன்னார் மாடு... மாடு வருது மாடு வருது... திமிலைப் பிடிச்சுட்டாரு... விட்டுட்டாரு... மாடு நின்னு விளையாடுது... மாடு ஜெயிச்சிருச்சு, மாட்டுக்காரர் வந்து பரிசை வாங்கிக்கங்க" என்று ஒருத்தர் மூச்சு விடாம சொல்லிக்கிட்டே இருப்பாரு. வாடிவாசலையே பார்க்க முடியாத தூரத்துல, வீட்டுத் திண்ணையில உட்கார்ந்திருக்கிற தாத்தாகூட எந்த மாடு பிடிபட்டுச்சு, எந்த மாடு தப்பிச்சதுன்னு ஒண்ணு விடாம சொல்லுவாரு.

கண்ணால் பார்ப்பதைக் குரலால் விவரிப்பதற்கு உலகம் முழுக்க 'ஒலி விவரணை' என்று பேர். சினிமாவுக்கும் டிவிக்கும் அது வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் பல நாடுகளில் போராடி வாங்கியிருக்கிறார்கள். நம்ம ஊர்ல அதைப் பேர் தெரியாமலே வருஷா வருஷம் செஞ்சுக்கிட்டு இருக்கோம். மைக்கைப் பிடிச்சவருக்கு ஒரு விஷயம் தெரியும்: எல்லாரும் பார்க்குற இடத்துல உட்கார்ந்திருக்க மாட்டாங்க. போன்ல போஸ்ட் போடுற நமக்கும் அது தெரிஞ்சிருக்கணும்.

காதுல இருந்து கண்ணுக்கு மாறின அரசியல்

தமிழ்நாட்டு அரசியல் ரொம்பக் காலம் காது வழியாத்தான் வளர்ந்தது. படிப்பகத்துல, டீக்கடை பெஞ்சுல, முடிதிருத்தும் கடையில ஒருத்தர் பேப்பரைச் சத்தமா வாசிப்பாரு, பத்துப் பேர் சுத்தி நின்னு கேட்பாங்க. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் பார்வையில்லாதவருக்கும் அந்த பெஞ்சுல ஒரே இடம்தான். அப்புறம் மைக் செட் கட்டின ஆட்டோ வந்தது. "இன்று மாலை ஆறு மணிக்கு" என்று தெருத் தெருவாகச் சொல்லிக்கிட்டே போகும்.

இப்போ அந்த வேலையைப் பெரும்பாலும் போன் எடுத்துக்கிச்சு. அதுல தப்பு இல்ல. போனோட பலம் என்னன்னு அலங்காநல்லூருக்குத் தெரிஞ்ச மாதிரி வேற ஊருக்குத் தெரியாது. 2017 ஜனவரியில் இங்கே வாடிவாசல் முன்னாடி உட்கார்ந்த இளைஞர்களோட செய்தி போன் வழியாப் பரவித்தான் மெரினா நிரம்புச்சு.

ஆனா ஆட்டோ மைக்குல இருந்து போனுக்கு மாறினப்போ, குரலா இருந்த செய்தி படமா மாறிடுச்சு. ஆட்டோ சத்தத்தை வச்சே கூட்டம் எங்கன்னு தெரிஞ்சுக்கிட்ட பார்வையில்லாத அண்ணன், இப்போ பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு "வாட்ஸ்அப்ல என்னமோ வந்திருக்கு, என்னன்னு பாருடா" என்று கேட்க வேண்டியிருக்கு.

இன்னொரு பக்கத்தையும் பாருங்க. காது கேளாத தோழருக்கு ஆட்டோ மைக் என்னைக்குமே பிரயோஜனம் இல்ல. அவருக்குப் போன் வந்தது பெரிய வரம். எழுத்து மட்டும் இருந்தா அவர் யாரையும் எதிர்பார்க்க வேணாம். நாம என்ன பண்றோம்? தலைவர் பேச்சை ஒரு நிமிஷ வீடியோவா வெட்டி, பின்னணியில மாஸ் பிஜிஎம் போட்டு, கீழ ஒரு வரி எழுத்துகூட இல்லாம விடுறோம். அவர் பார்க்கிறது வாய் அசையிறதை மட்டும்தான்.

பார்வையில்லாதவருக்குப் படத்தை அனுப்புறோம், காது கேளாதவருக்குச் சத்தத்தை அனுப்புறோம். இதுக்குச் செலவே இல்லாத தீர்வு எழுத்து. படத்தோட சேர்த்து எழுத்து, வீடியோவோட சேர்த்து எழுத்து. ஒரே செய்தி கண்ணுக்கும் போகணும், காதுக்கும் போகணும். நான் சொல்ல வந்தது மொத்தமும் இதுதான்.

சின்னம் எதுக்கு வந்துச்சு தெரியுமா?

நாம கொடியில போடுறோம், சுவத்துல வரையிறோம், டிபியா வைக்கிறோம். அந்தச் சின்னம் ஏன் வந்தது?

1951-52-ல் நாட்டின் முதல் பொதுத்தேர்தல். சுமார் 17 கோடி வாக்காளர்கள். அப்போ எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டு பேர் அளவுக்குத்தான். வேட்பாளர் பேரை அச்சடித்துக் கொடுத்தால் பெரும்பாலானவர்களால் வாசிக்க முடியாது. "படிக்காதவனுக்கு எதுக்கு ஓட்டு?" என்று கேட்ட பெரிய மனிதர்களும் உண்டு. அன்றைய தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் தலைமையிலான ஆணையம், படிக்கத் தெரியாதவரை வெளியே நிறுத்தவில்லை. செய்தியின் வடிவத்தை மாற்றியது. வேட்பாளருக்கு ஒரு சின்னம், ஒவ்வொருவருக்கும் தனி வாக்குப்பெட்டி, பெட்டி மேல் அந்தச் சின்னம்.

ஆக, கட்சிச் சின்னம் என்பதே தகவல் எல்லோரையும் எட்டவேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு. வாசிக்க முடியாதவருக்கு அன்னைக்குப் படம் கொடுத்தோம். படத்தைப் பார்க்க முடியாதவருக்கு இன்னைக்கு எழுத்தும் குரலும் கொடுக்கணும். ரெண்டும் ஒரே கொள்கைதான்.

இதுல தேர்தல் வேலை பார்க்கிற தோழர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கு. வாக்குப்பதிவு இயந்திரத்தில் பொத்தானுக்குப் பக்கத்தில் வரிசை எண் பிரெய்லில் இருக்கும். பிரெய்ல் தெரிந்த வாக்காளர் அதைத் தடவிப் பார்த்துத் தானே வாக்களிக்கலாம். இயந்திரத்துல சின்னத்தைத் தடவிப் பார்க்க வழி கிடையாது. அவருக்கு வேண்டியது நம் வேட்பாளரின் வரிசை எண். நாம ஊர் முழுக்கச் சின்னத்தைக் காட்டிக்கிட்டுத் திரியிறோம். இறுதி வேட்பாளர் பட்டியல் வந்ததும் "நம்ம தொகுதியில் நம்ம வேட்பாளர் வரிசை எண் இன்னது" என்று எழுத்திலும் குரலிலும் எத்தனை பேர் போடுறோம்?

விதிப்படி அவர் 18 வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கிட்டுப் போகலாம். ஆனா தன் ஓட்டைத் தானே, யாருக்கும் தெரியாமப் போடுறது நமக்கு எவ்வளவு முக்கியமோ, அவருக்கும் அவ்வளவு முக்கியம். அந்த ரகசியத்தைக் காப்பாத்திக் கொடுக்குறது ஒரு எண். அதை எழுத்துல போடுறதுக்கு எத்தனை நொடி ஆகும்?

இது தர்மம் இல்ல, சட்டம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அடுத்த ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள் இருந்தன. இது 21 வகைகளை ஏற்றுக்கொண்டது. இதில் 42-வது பிரிவு நேரா நம்ம விஷயத்தைப் பேசுது. ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களில் வரும் உள்ளடக்கம் மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடிய வடிவில் இருப்பதை அரசு உறுதி செய்ய வேண்டும். ஒலி விவரணை, சைகை மொழி, வசனவரி எல்லாம் அதில் பேர் சொல்லியே இருக்கின்றன. 11-வது பிரிவு, தேர்தல் தொடர்பான எல்லாத் தகவலும் அவர்களுக்கு எளிதில் புரியும்படியும் எட்டும்படியும் இருக்க வேண்டும் என்கிறது.

அந்தச் சட்டம் 'தகவல் தொடர்பு' என்பதற்குச் சொல்லும் விளக்கம் ரொம்ப அழகு. பிரெய்ல், பெரிய எழுத்து, சைகை மொழி ஆகியவற்றோடு எளிய மொழியும், மனிதர் ஒருவர் வாசித்துக் காட்டுவதும் அதில் சேர்த்தி. நம்ம டீக்கடை பெஞ்சுல பேப்பர் வாசிச்சாரே ஒருத்தர், அவரும் சட்டத்துக்குள்ள இருக்காரு.

உச்ச நீதிமன்றமும் பேசியிருக்கிறது. பார்வை மாற்றுத்திறனாளியான ராஜீவ் ரதூரி 2005-ல் தொடங்கிய வழக்கில் 2024 நவம்பர் 8-ல் தீர்ப்பு வந்தது. அணுகல்தன்மை விதிகள் 'முடிஞ்சா செய்யுங்க' என்கிற ரகத்தில் இருப்பது சட்டத்துக்கு முரண், கட்டாயமான விதிகளை மூன்று மாதத்தில் கொண்டுவர வேண்டும் என்றது அது. 2025 ஏப்ரல் 30-ல் பிரக்யா பிரசூன் வழக்கில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றே நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு சொன்னது. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையில்லாதவர்களும் வங்கிக் கணக்குக்காகக் கேமரா முன் கண் சிமிட்டிக் காட்ட முடியாமல் தவித்ததிலிருந்து வந்த வழக்கு அது.

கட்சிகளுக்கும் விலக்கு இல்ல. 2023 டிசம்பரில் தேர்தல் ஆணையம் எல்லா அரசியல் கட்சிகளுக்கும் ஒரு வழிகாட்டுதல் அனுப்பியது. கட்சியின் இணையதளமும் சமூக வலைதளப் பதிவுகளும் மாற்றுத்திறனாளிகள் அணுகும்படி இருக்கட்டும், கூட்டங்களும் பிரசாரமும் எல்லோருக்கும் எட்டட்டும், மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாகவும் செயல்வீரர்களாகவும் சேருங்கள் என்று அது சொல்கிறது. இதை முதல்ல முழுசா செஞ்சு காட்டுற கட்சி நம்ம கட்சியா இருக்கணும்ங்கிறதுதான் என் ஆசை.

வழக்கமா வர்ற கேள்விகள்

"எத்தனை பேருப்பா இருக்கப் போறாங்க?"

2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். அது பழைய கணக்கு, 21 வகை வருவதற்கு முன்னாடி எடுத்தது. ஓட்டுக் கணக்கே வேணும்னாலும் சொல்றேன். 2016-ல் ராதாபுரம் தொகுதியின் முடிவு 49 வாக்குகளில் தீர்மானமானது. 2021-ல் தியாகராய நகரில் வித்தியாசம் 137. ஆனா ஓட்டு அடுத்த விஷயம். நம்ம ஊர்க்காரர் ஒருத்தருக்குச் செய்தி போகலைன்னாலே அது நமக்குக் குறைதான்.

"படத்துக்கெல்லாம் இப்போ ஏஐ தானா விளக்கம் கொடுக்குதே?"

கொடுக்குது. "படத்தில் மூன்று பேர் நின்றுகொண்டிருக்கலாம்" என்று சொல்லும். அந்த மூணு பேர் யாரு, கூட்டம் எந்த ஊர்ல, எத்தனை மணிக்குன்னு பல நேரம் சொல்லாது. நாம போடுற வளைஞ்சு நெளிஞ்ச டிசைன் எழுத்தைப் படிக்கப் போய், 16-ஐ 18 என்று வாசிச்சா கடைசி நாளே தப்பிப் போகும். விவரம் தெரிஞ்ச ஆள் நாமதான், நாமதான் எழுதணும்.

"நேரம் இல்ல தோழர்."

கார்டு டிசைன் பண்ண ஒரு மணி நேரம் ஆகுது. அந்தக் கார்டுல இருக்கிற வாசகம் ஏற்கெனவே நம்ம கையில எழுத்தா இருக்கு, அதை வச்சுத்தானே டிசைனே பண்றோம்! காப்பி, பேஸ்ட். முடிஞ்சது.

இதனால மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும்தான் லாபம்னு நினைக்காதீங்க. கண்புரை வந்த அப்பத்தா, கண்ணாடியை மறந்துட்டு வந்த மாமா, வயல்ல வேலை செஞ்சுக்கிட்டே போனைக் கேட்கிற அண்ணன், பஸ்ல சத்தத்தைக் குறைச்சு வச்சு வீடியோ பார்க்கிற தங்கச்சி, நெட் மெதுவா இருந்து படமே திறக்காத தோழர் எல்லாருக்கும் எழுத்து போய்ச் சேரும். நாளைக்கு யாராவது தேடினாலும் எழுத்துதான் கிடைக்கும். படத்துக்குள்ள இருக்கிற தமிழ் தேடினாலும் சுலபத்துல கிடைக்காது.

இன்னைக்கே ஆரம்பிக்கலாம்

1. கார்டு போட்டால், அதில் உள்ள விவரம் முழுவதையும் பதிவின் எழுத்திலேயே போடுங்க. இது ஒண்ணைச் செஞ்சாலே பாதி வேலை முடிஞ்சது.

2. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், எக்ஸ் மூணுலயும் படம் ஏத்தும்போது 'ஆல்ட் டெக்ஸ்ட்' என்று ஒரு பெட்டி இருக்கும். படத்தில் என்ன இருக்கிறது என்பதை அதில் எழுதுங்க. ஸ்கிரீன் ரீடர் அதை வாசிக்கும்.

3. வாட்ஸ்அப்ல அந்தப் பெட்டியைத் தேட வேணாம். படத்துக்குக் கீழ கேப்ஷனில் எழுதுங்க. ஃபார்வர்டு பண்ணும்போது கேப்ஷன் விட்டுப் போகாமப் பார்த்துக்கங்க.

4. வீடியோவுக்கு வசனவரி போடுங்க. ஆப்ல தானா வர்ற வசனத்தை அப்படியே விடாதீங்க. ஊர்ப் பேரு, ஆள் பேரு, எண் இந்த மூணையும் ஒரு தடவை சரி பாருங்க.

5. வெறும் பாட்டும் காட்சியுமா ஓடுற வீடியோன்னா, என்ன காட்டுறோம்னு மேல நாலு வரி எழுதுங்க. வாடிவாசல் மைக்கை நினைச்சுக்கிட்டு எழுதுங்க, தானா வரும்.

6. அறிக்கைகளை ஸ்கேன் பண்ணிப் படமா போடாதீங்க. யூனிகோடில் தட்டச்சு செய்ததையும் கூடவே போடுங்க. வானவில், பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடிச்ச பி.டி.எஃப். நம்ம கண்ணுக்குத் தமிழாத் தெரியும், ஸ்கிரீன் ரீடருக்கு அது புரியாத ஆங்கில எழுத்துக் குப்பை.

7. ஒரு வரிக்குப் பத்து நெருப்பு எமோஜி வேணாம். ஸ்கிரீன் ரீடர் அதோட பேரையும் சொல்லும். "நெருப்பு நெருப்பு நெருப்பு" என்று கேட்டு முடிச்சுத்தான் அவர் விஷயத்துக்கே வரணும்.

8. கூட்ட அறிவிப்பில் இடத்தைப் பற்றியும் ஒரு வரி சேருங்க. மேடைக்கு முன்னாடி சக்கர நாற்காலி வருமா, படி இருக்கா, சைகை மொழிபெயர்ப்பாளர் உண்டா?

ஒரு உதாரணம். கண் முகாமுக்கு ஒரு கார்டு போடுறோம்னு வச்சுக்குவோம். ஆல்ட் டெக்ஸ்டில் "முகாம் போஸ்டர்" என்று எழுதினால் யாருக்கும் உபயோகமில்லை. இப்படி எழுதலாம்: "அலங்காநல்லூரில் இலவசக் கண் பரிசோதனை முகாம். ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணி முதல் மதியம் 1 மணி வரை. இடம்: பஸ் ஸ்டாண்ட் அருகில் உள்ள சமுதாயக் கூடம். ஆதார் அட்டை கொண்டு வரவும். வாசலில் சாய்தளம் உண்டு." பின்னணி என்ன கலர், பூ எங்க இருக்குன்னு எழுத வேணாம். வர்றவருக்கு என்ன தேவையோ அதை எழுதினா போதும்.

நம்ம வீட்டைச் சரி பண்ணிட்டு, அரசையும் கேட்போம்

நாம ஒழுங்காச் செஞ்சாத்தான் அரசு அலுவலகத்தைப் பார்த்துக் கேட்கிற தைரியம் வரும். கேட்க வேண்டியது நிறைய இருக்கு.

அரசு ஆவணங்களுக்கு யூனிகோடையும் டேஸ்-16-ஐயும் தரமாக ஏற்பதாக 2010-லேயே தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஆனாலும் இன்னைக்கும் பல அலுவலகங்களிலிருந்து வெளியாவது, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, சாய்வா ஸ்கேன் பண்ணின பி.டி.எஃப். கையெழுத்துப் பிரதி வேணும்தான், இருக்கட்டும். கூடவே எழுத்துப் பிரதியும் வேணும். பேரூராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டுற தாள் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போட்டோவா வருது. அதுவும் எழுத்தா வரணும். ஜல்லிக்கட்டுக்குக் காளைப் பதிவு, வீரர் பதிவெல்லாம் ஆன்லைனுக்கு வந்துடுச்சு. காளை வளர்க்கிறவர் பார்வை மாற்றுத்திறனாளியா இருந்தா, அந்தப் படிவத்தை அவரே நிரப்ப முடியணும்.

இது ஏன் இப்போ அவசரம்? 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் ஊராட்சிச் சட்டத்திலும் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்திலும் திருத்தம் செய்தது. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக உட்கார வைக்கும் திருத்தம். பெரிய முன்னேற்றம், வரவேற்போம். ஆனா ஒரு பேரூராட்சி மன்றத்துல பார்வையில்லாத உறுப்பினர் ஒருத்தர் உட்கார்றார்னு வைங்க. அஜெண்டாவை ஜெராக்ஸ் எடுத்து அவர் முன்னாடி வச்சா, அவர் எதைப் படிச்சுட்டுக் கேள்வி கேட்பாரு? காது கேளாத உறுப்பினருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் இல்லைன்னா விவாதத்துல அவர் பங்கு என்ன? நாற்காலி கொடுத்துட்டுத் தகவல் கொடுக்கலைன்னா, அவரைப் போட்டோவுக்கு உட்கார வச்ச மாதிரி ஆயிடும். மூணு நாளைக்கு முன்னாடியே அஜெண்டா அவர் போனுக்கு எழுத்தா வரணும். இதை ஒவ்வொரு ஊர்லயும் நம்ம கவுன்சிலர்களும் கிளைத் தோழர்களும் மனுவாக் கொடுக்கணும்.

மீம் போடுற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை

எதிர்க்கட்சிக்காரரைக் கிண்டல் பண்ணுங்க. கொள்கையை வச்சு, பேசின பேச்சை வச்சு, செஞ்ச வேலையை வச்சுக் கிழிங்க. ஆனா "குருடன்", "செவிடன்", "நொண்டி அரசு", "மெண்டல்" இதெல்லாம் வேணாம். அடி எதிர்க்கட்சிக்காரர் மேல விழாது. ஸ்கிரீன் ரீடர்ல அந்த வரியைக் கேட்டுக்கிட்டு இருக்கிற நம்ம தோழர் மேல விழும். மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்தும் சொற்களைக் கட்சிகள் பயன்படுத்தக் கூடாது என்று தேர்தல் ஆணையத்தின் அதே 2023 வழிகாட்டுதல் சொல்கிறது. அது சொல்லாட்டிக்கூட, மனுஷனை மனுஷனா மதிக்கணும்னு பேசுற நாம அந்தச் சொல்லை எடுக்கக் கூடாது.

கடைசியாக

மாற்றுத்திறனாளித் தோழர்களே, உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். நம்ம பக்கத்துப் பதிவுல எது உங்களுக்கு எட்டலைன்னு கமெண்டில் தயங்காம எழுதுங்க. "இது என் போன்ல வெறும் படம்னுதான் வருது" என்று ஒரு வரி போதும். எழுத முடியாதவங்க வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. உங்களைப் பற்றிய முடிவை உங்களை வெளியே நிறுத்திட்டு எடுக்கக் கூடாதுங்கிறது உலகம் முழுக்க மாற்றுத்திறனாளி இயக்கங்கள் வைக்கிற முழக்கம். அதனால ஒன்றிய ஐடி விங் குழுக்களில் பதிவுகளைச் சரிபார்க்கிற பொறுப்புக்கே நீங்க வரணும்னு கேட்டுக்கிறோம். மேடையில சால்வை போடுறதுக்காகக் கூப்பிடலை, வேலை செய்யக் கூப்பிடுறோம்.

மத்த தோழர்களுக்கு: நீங்க கடைசியாப் போட்ட மூணு கார்டை இப்பவே திறந்து, எடிட் பண்ணி, அதுல இருக்கிற விவரத்தை எழுத்தாச் சேருங்க. அதுக்கப்புறம் இந்தப் பதிவைப் பகிருங்க. ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பகிராதீங்க, எழுத்தாவே பகிருங்க.

— ஐடி விங் தன்னார்வலர், அலங்காநல்லூர்

#கண்ணுக்கும்_காதுக்கும்
#படத்தோடு_எழுத்தும்